ஒற்றை ஆளுக்கு எந்த வண்டி?

1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருபத்து நான்கு வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவர், யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை ஏற்கப் புறப்பட்டார். தெற்கிலிருந்து வந்த ரயில் பாதை அப்போது அநுராதபுரத்துக்கு வடக்கே இன்னும் முழுமையாகப் போடப்படவில்லை. இடைவெளியைக் கடக்கத் தபால் வண்டி இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் அது சாதாரணமான கூடார மாட்டு வண்டில். தபால் மூட்டைகள் தட்டில் கிடந்தன. பயணிகள் அந்த மூட்டைகள்மேல் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். வன்னிக் காட்டு வழியே யானையிறவுப் பக்கம் வரை அப்படியே உருண்டு போனார் அந்த இளைஞர். அவர் லெனார்ட் வுல்ப். பின்னாளில் எழுத்தாளராகவும் வெர்ஜீனியா வுல்பின் கணவராகவும் உலகம் அறிந்தவர். இலங்கைக்கு வரும்போது வால்டேயரின் நூல்களைத் தொண்ணூறு தொகுதிகளாகக் கட்டிக்கொண்டு வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் போகிறவர்களின் சுமை அன்றும் குறைந்ததாக இல்லை.

படுத்தபடியே ஊர் கடக்கும் வண்டி மீதான ஆசை இன்று வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கிய டிரான்ஸ்போர்ட்டர் வானுக்குள் அடுத்த ஆண்டே கட்டிலும் அலுமாரியும் பொருத்திக் கொடுத்தது ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா தொழிற்சாலை. அன்றிலிருந்து வீட்டு வண்டி, அதாவது கேம்பர் வான், மேற்கு நாடுகளில் ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்ந்துவிட்டது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு அதை வாடகைக்கு எடுத்துக் காட்டுப் பூங்காக்களுக்குப் போகிறார்கள். தனியாக வானில் ஊர் சுற்றுபவர்களின் காணொளிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையொன்று, அதே கனவோடு யாழ்ப்பாணத்துக்கும் வர விரும்புகிறது. ஒற்றை ஆளாகக் குடாநாட்டைச் சுற்ற எந்த வண்டி பொருத்தம் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. விடையைத் தீர்மானிப்பவை இந்த மண்ணின் அளவும், தண்ணீரும், காற்றும்தான்.

முதலில் அளவு. யாழ்ப்பாண மாவட்டம் தீவுகளையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். நகரத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றருக்குள். பருத்தித்துறை முப்பது சொச்சம். தீவகத்தின் கடைசித் தரைவழி முனையான குறிகட்டுவான் துறையும் ஏறக்குறைய அவ்வளவுதான். யானையிறவு ஐம்பதைத் தாண்டும். மலை இல்லை, மேடு என்று சொல்லத்தக்கதும் இல்லை. எல்லாம் சுண்ணக்கல் சமதரை. காலையில் எங்கே புறப்பட்டாலும் பொழுது சாய்வதற்குள் தங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம். வண்டிக்குள் உறங்க வேண்டிய தேவை எழுவது அடுத்த ஊர் எட்டாத தூரத்தில் இருக்கும் நாடுகளில். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் கனடாவின் வடக்கிலும் அது உயிர்காக்கும் வசதி. இங்கே ஒரு சந்தி கண்ணிலிருந்து மறையுமுன் அடுத்த சந்தி வந்துவிடுகிறது.

இந்த மண்ணில் நெடுந்தூரம் போனவர்களுக்கும் உறங்க இடம் தேவைப்பட்டிருக்கிறது. அதை வண்டிக்குள் வைக்காமல் வீதியிலேயே கட்டினார்கள் நம் முன்னோர். மடம், கேணி, சுமைதாங்கி, மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் எனக் குடாநாட்டுப் பழைய வீதிகளின் ஓரத்தில் பயணிக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. இவற்றின் உச்சம் பருத்தித்துறையில் நிற்கும் தெருமூடிமடம். வீதிக்கு இருபுறமும் கல்தூண்களோடு கூடிய திண்ணைகள், இரண்டையும் இணைத்து வீதிக்கு மேலாகவே கூரை. வண்டிகள் அந்தக் கூரையின் கீழாகவே போய்வர வேண்டும். வெயிலில் வந்தவர் வண்டிலை விட்டு இறங்கினால் திண்ணை, சாய்ந்தால் நித்திரை. பயணியின் படுக்கையை ஊர் பொறுப்பேற்றுக்கொண்ட பண்பாடு அது.

அடுத்தது தண்ணீர். வீட்டு வண்டி ஒன்றுக்குள் கழிவறையும் சமையல் தொட்டியும் இருந்தால், அதிலிருந்து வெளியேறும் அழுக்கை எங்காவது கொட்டியாக வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீர். அந்த நீர், ஓட்டைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல்லுக்குள், உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது. நிலத்தில் கொட்டியது எதுவும் வெகுசீக்கிரம் கிணற்றைச் சேரும். சுன்னாகத்தைச் சுற்றிய ஊர்களின் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து, மக்கள் தண்ணீருக்குத் தவித்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. முறையான கழிவு அகற்றும் தரிப்பிடங்கள் இல்லாத இடத்தில் கழிவறை பொருத்திய வானைக் கொண்டுவருவது, விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரின் கிணற்றைக் கெடுப்பதற்குச் சமம். இந்த ஒரு காரணமே போதும்.

கேரளம் 2021இல் வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. வண்டிகளை மட்டும் வாங்கி வீதியில் விடாமல், தண்ணீர், மின்சாரம், கழிவு அகற்றல் வசதிகளோடு தரிப்புப் பூங்காக்களை அமைப்பதையும் அந்தக் கொள்கை சேர்த்துக்கொண்டது. வாகமண் மலையில் 2022இல் அப்படி ஒன்று திறக்கப்பட்டது. வடமாகாணத்தில் அத்தகைய ஏற்பாடு வரும்வரை கேம்பர் வான் இங்கே அந்நியமாகத்தான் நிற்கும். வண்டியை வாங்கி மாற்றியமைப்பதும் எளிதான வழியன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியில் பழைய ஹயஸ் வான்களின் விலைகூட நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் ஏறிப்போனது.

வானைக் காட்டோரமாக நிறுத்திப் படுக்கலாம் என்று நினைப்பவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. முகமாலை, கிளாலி பக்கங்களில் போர்க்காலத்து மிதிவெடிகள் நிலத்தடியில் பெருமளவில் கிடந்தன. ஹலோ ட்ரஸ்ட் அமைப்பு 2002 முதல் குடாநாட்டில் அவற்றை அகற்றும் பணியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் பலர் முழந்தாளிட்டு அந்த மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டியிருக்கிறார்கள். சிவப்புப் பலகை கண்ட இடத்தில் வீதியை விட்டு ஒரு அடியும் இறங்கக்கூடாது. வடக்கே பலாலிப் பக்கத்தில் வேறு வகைக் கட்டுப்பாடு. முப்பத்தைந்து வருடங்களாக இராணுவத்தின் பிடியில் மூடிக்கிடந்த வசாவிளான்–பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது போன்ற நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள். விரும்பிய இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து காற்று வாங்குவது என்ற வீட்டு வண்டியின் அடிப்படைச் சுகத்துக்கு இங்கே இன்னும் எல்லைகள் இருக்கின்றன.

அப்படியானால் ஓட்டோ? தென்னிலங்கையில் வெளிநாட்டவருக்கு முச்சக்கர வண்டியை நாட்கணக்கில் வாடகைக்குவிடும் தொழில் நன்றாக வளர்ந்திருக்கிறது. கூரையில் பொதிகட்டும் தட்டு பொருத்திய அத்தகைய ஓட்டோக்களை ஒற்றை ஆள்கள் ஓட்டிக்கொண்டு ஏ-9 வீதியில் வடக்கே வருவதை மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் அடிக்கடி காணலாம். இதன் நன்மைகளை எளிதில் தள்ளிவிட முடியாது. சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் மேலே கூரை இருக்கிறது. பழுது பார்ப்பவர் சந்திக்குச் சந்தி இருக்கிறார். பின் இருக்கையில் கூடாரம், பாய், தண்ணீர்க் கலன் எல்லாம் அடங்கும். ஆனால் அந்த இருக்கையில் ஒருவர் கால் நீட்டிப் படுக்க முடியாது. கதவு இல்லாததால் பொதியை விட்டுவிட்டுக் கீரிமலைக் கேணியில் இறங்கவும் மனம் ஒப்பாது. சட்டப்படி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம்தான். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வர அரை நாள் வேண்டும். இலங்கை உரிமத்தில் ஓட்டோவுக்குத் தனி வகுப்பு இருக்கிறது என்பதும், வெளிநாட்டு உரிமத்துக்கு உள்ளூர் அங்கீகாரம் பெறாமல் ஓட்டுவது குற்றம் என்பதும் புலம்பெயர்ந்தவர்கள் பலர் கவனிக்கத் தவறும் விடயங்கள்.

தெற்கிலிருந்து தரை வழியாகவே வந்து, வழியெல்லாம் நின்று பார்க்க நேரமுள்ளவருக்கு ஓட்டோ நல்ல தெரிவு. குடாநாட்டுக்குள் மட்டும் சுற்றப் போகிறவருக்கு அது தேவைக்கு மிஞ்சியது.

கார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது வேண்டும். ஒற்றை ஆளுக்கு நான்கு இருக்கைகள் எதற்கு? பல ஒழுங்கைகளில் எதிரே ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்தால், ஒருவர் பின்னே எடுத்துத்தான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவருக்கு நுங்கு விற்பவரின் குரலும் கேட்காது.

நாள்கள் குறைவாக உள்ளவருக்கு ஸ்கூட்டர்தான் விடை. போர் முடிந்த பிறகு குடாநாட்டு வீதிகளின் தோற்றத்தையே மாற்றிய வாகனம் டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்கூட்டி பெப். ஆசிரியைகள், தாதிமார், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவிகள் எனக் காலை ஏழரை மணிக்கு யாழ்ப்பாணத்தின் எந்த வீதியிலும் பெண்கள் ஸ்கூட்டியில் போவதைப் பார்க்கலாம். தனியாகச் சுற்ற வரும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை, ஏனென்றால் அவர் அங்கே வித்தியாசமாகத் தெரியமாட்டார். யாரும் திரும்பிப் பார்க்காத வாகனத்தில் போவது தனிப் பயணத்தின் முதற் பாதுகாப்பு. தலைக்கவசம் கட்டாயம். மணற்காட்டு மணல் மேடுகளுக்கும் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்கும் போகும் மணல் வழிகளில் ஸ்கூட்டரின் சின்னச் சில்லு புதையும். அங்கே போக விரும்புகிறவர் மோட்டார் சைக்கிள் எடுப்பது நல்லது.

இனிச் சைக்கிள். யாழ்ப்பாணத்தில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு வாகனத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது.

போர் மீண்டும் மூண்ட 1990 ஜூன் மாதம் யாழ்தேவி ரயில் கடைசியாக வடக்கே வந்துவிட்டு நின்றது. மின்சாரம் போனது. பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்குள் வரத் தடை விழுந்தது. ஏ-40, மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரத்தை உயிர்ப்பிக்க மட்டும் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீய்ச்சினார்கள். பற்றரியும் தடைப் பொருளாக இருந்ததால், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் சுற்ற, டைனமோவில் வானொலி பாடியது. ஊரே கூடி நின்று செய்தி கேட்டது. யானையிறவு மூடப்பட்ட பின் தெற்கே போக வேண்டியவர்கள் கொம்படி–ஊரியான் வழியில் இடுப்பளவு சேற்றுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விறகு, நெல் மூட்டை, நோயாளி, சில வேளைகளில் சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில் போயின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அடிமேல் அடிவைத்து நகர்ந்த கூட்டத்திலும் பெரும்பாலானோரின் கையில் இருந்த ஒரே வாகனம் இதுதான். அந்தக் காலத்தைக் கடந்த குடும்பம் ஒவ்வொன்றிலும், சைக்கிளை இழந்த கதையோ காப்பாற்றிய கதையோ ஒன்றாவது இருக்கும்.

2022இல் அந்த நினைவு மறுபடி உயிர்பெற்றது. எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில், ஜூலை மாதம், கியூ.ஆர். குறியீட்டுப் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோவில் ஊர் சுற்ற வந்தவர்கள் நிரப்பு நிலைய வரிசையிலேயே நாளைக் கழித்தார்கள். சைக்கிள் வைத்திருந்தவர் வழமைபோல் தன் வேலையைப் பார்த்தார். நாடு முழுவதும் சைக்கிள் விலை எகிறியது. யாழ்ப்பாணத்தில் பழைய ராலியும் லுமாலாவும் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன.

எந்தச் சைக்கிள் என்று கேட்டால், சாதாரணமானதே சிறந்தது. ஐரிஷ் எழுத்தாளர் டேர்வ்லா மர்பி 1963இல் தன்னந்தனியாக டன்கேர்க்கிலிருந்து டெல்லி வரை மிதித்து வந்தார். ஆசியாவின் வீதிகளுக்குத் தாங்காது என்று கருதி, புறப்படுமுன்பே தன் சைக்கிளின் கியரைக் கழற்றிவிட்டார். மேடே இல்லாத குடாநாட்டுக்கு அந்தத் தீர்மானம் இன்னும் பொருந்தும். கியரைவிட முக்கியம் சில்லும் ரயரும். 26 அங்குலச் சில்லுக்கு எந்தச் சந்தியிலும் ரியூப் கிடைக்கும்; வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் மெல்லிய ஓட்டப்பந்தய ரயருக்கு ஒட்டுப் போடும் கடைக்காரர் கைவிரித்துவிடுவார். தீவகத்தின் கல்லு வீதிகளில் அகன்ற ரயர்தான் நிற்கும். பின்னால் உறுதியான கரியர், இரட்டைக் கால் ஸ்ராண்ட், நல்ல பூட்டு. இவ்வளவும் போதும். முழங்கால் வலிப்பவர்களுக்கு மின்சாரச் சைக்கிள் இப்போது கைகொடுக்கிறது. தூரம் குறைவான சமதரை அதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. பழுதானால் திருத்தத் தெரிந்தவர் நகரத்தில்தான் இருப்பார் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சைக்கிள்காரருக்கு மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அந்த மாதங்களில் பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று தீவகம் நோக்கிப் போனால் காற்று நேராக நெஞ்சில் மோதும். இருபுறமும் கடல், ஒதுங்க ஒரு மரமும் இல்லாத தாம்போதி. ஆகவே வெயிலும் காற்றும் ஏறுமுன், விடியும்போதே புறப்பட வேண்டும். மாலையில் திரும்பும்போது அதே சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மாரியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வல்லிபுரம், பருத்தித்துறைப் பயணம்தான் கடினம். திரும்பும் வழி சுகம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் திசையைத் தெரிவுசெய்வது மீனவர்களுக்கு இயல்பான பழக்கம். தனியாக மிதிக்கிறவரும் அதைக் கற்றுக்கொண்டால் களைப்பில் பாதி போய்விடும். மாசி, பங்குனி மாதங்கள் இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட அமைதியான பருவம். முதல்முறை வருகிறவர் அப்போது வரலாம்.

தீவுகளில்தான் சிறிய வண்டியின் அருமை முழுதாகத் தெரியும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே உள்ள குறுகிய கடலைக் கடக்க, மிதவைச் சேவை ஒன்று நெடுங்காலமாக ஓடிவருகிறது. உள்ளூரில் அதைப் பாதை என்பார்கள். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ உள்ளவர் அதில் ஏறி அடுத்த கரையில் இறங்கி, கசூரினாக் கடற்கரையைப் பார்த்துவிட்டுப் பொன்னாலை வழியாக நகரம் திரும்பலாம். வந்த வழியே போகாமல் ஒரு முழு வட்டம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் பயணிகள் படகில் வானும் காரும் ஏறாது. அவை துறையில் வெயில் காய வேண்டியதுதான். ஒரு மணி நேரக் கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் பவளக்கல் மதில்களும், வெளிகளில் மேயும் மட்டக்குதிரைகளும், பெருக்கு மரமும் தொலைவு தொலைவாகச் சிதறிக் கிடக்கின்றன. நடந்து தீராது. அங்கே சைக்கிள் வைத்திருப்பவர் தன் நேரத்துக்குத் தானே எசமான். சோளக காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு நிற்பதும் உண்டு; கடைசிப் படகு எப்போது என்பதைத் துறையில் விசாரித்த பிறகே தீவுக்குள் மிதிக்கத் தொடங்க வேண்டும்.

சரி, குடாநாட்டுக்கு வந்து சேர்வது எப்படி? 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்தைத் தொட்டது. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. இரவு ரயிலின் படுக்கையில் உறங்கி எழுந்து, காலையில் நகரத்தில் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதே ஒற்றைப் பயணிக்குச் செலவு குறைந்த வழி. 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளுக்கு மட்டுமானது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வருகிறவரும் இங்கே வந்துதான் வண்டி தேட வேண்டும். விடுதிகள் பலவற்றில் சைக்கிளும் ஸ்கூட்டரும் கிடைக்கின்றன. எடுக்குமுன் பிரேக்கையும் சங்கிலியையும் பார்த்து, ஒரு கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

மாகாணச் சுற்றுலாத்துறையும் வீதி அதிகாரிகளும் உள்ளூராட்சிச் சபைகளும் இந்த விடயத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதற்குப் பெரும் செலவும் பிடிக்காது. பண்ணை முதல் புங்குடுதீவு வரையான தாம்போதி வீதிகளின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று கோடு போட்ட இடம் ஒதுக்கலாம். குறிகட்டுவான் துறையில், தீவுகளில் இரவு தங்கி வருபவர்கள் வண்டியைப் பொறுப்பாக விட்டுப் போகக் கூரையுள்ள காப்பகம் ஒன்று கட்டலாம். கவனிப்பாரற்றுக் கிடக்கும் பழைய மடங்களில் சிலவற்றையாவது திருத்தி, தண்ணீரும் கழிவறையும் தந்து, தனியாக வரும் சைக்கிள் பயணிகள் ஓர் இரவு தங்கத் திறந்துவிடலாம்; அதில் முதல் இரண்டு மடங்கள் வடமராட்சியிலும் தீவகத்திலும் அமைந்தால், நகரத்துக்கு இரவில் திரும்ப அஞ்சி அரைநாளோடு பயணத்தை முடித்துக்கொள்ளும் பெண்கள் இரண்டு கரைகளையும் முழுதாகப் பார்க்க முடியும்.